மாமத் மலைக்கு வசந்த காலப் பனிச்சறுக்குப் பயணம்: மணி பார்த்துப் போடும் முழுத் திட்டம்

முதல் முறை மாமத் மலைக்குப் போனது ஓர் ஏப்ரல் மாதம். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்று, காலை 8:30க்கு லிஃப்ட் திறந்ததும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். மேலே இறங்கி இரண்டு திருப்பம் போட்டிருப்பேன். மூன்றாவதில் ஸ்கீ பிடிக்கவில்லை. வயிறு தரையில் உரச, கம்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகச் சறுக்கி, கீழே சமதளம் வந்த பிறகுதான் நின்றேன். காலுக்கடியில் இருந்தது பனியே இல்லை, கல். அதே சரிவில் 11 மணிக்கு மறுபடி இறங்கினேன். காலையில் விழுந்தவன் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வசந்த காலப் பயணத்தைக் கடிகாரத்தை வைத்துத்தான் போடுகிறேன். எந்த வாரம் போவது, எங்கே தங்குவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும். இந்த வழிகாட்டி கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் மாமத் மலைக்கானது. பே ஏரியாவிலிருந்தோ (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமிருந்தோ குடும்பத்தோடு காரில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பனியின் கணக்கு

மார்ச் கடைசிக்குப் பிறகு சியரா நெவாடாவில் பகல் வெயில் பனியை உருக்கும், ராத்திரிக் குளிர் அதை இறுக்கும். இப்படிப் பல நாள் உருகி உறைந்து, உருகி உறைந்து, பனித்தூள் உருண்டை மணிகளாகிவிடும். ஊறிய ஜவ்வரிசியைக் கையில் அள்ளிய மாதிரி இருக்கும். இதைத்தான் அங்கே கார்ன் ஸ்னோ என்கிறார்கள்.

காலையில் இந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து கல்லாகக் கிடக்கும். வெயில் ஏற ஏற மேலே ஓரிரண்டு அங்குலம் மட்டும் இளகும். அடியில் கெட்டியாகவே இருக்கும். அந்த ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இத்தனை பாடும். அதையும் தாண்டினால் அடிவரை இளகிக் கூழாகிவிடும். கூழில் ஸ்கீ புதையும், உடம்பு மட்டும் முன்னால் போகும், முழங்கால் திருகிக்கொள்ளும்.

ராத்திரி நன்றாக உறைந்தால்தான் மறுநாள் இந்த வரிசை ஒழுங்காக நடக்கும். மேகம் மூடிய இரவில் தரையின் சூடு வெளியே போகாது, பனி இறுகாது, காலையிலேயே கூழ்தான். ஆகவே வானிலை முன்னறிவிப்பில் நான் முதலில் பார்ப்பது இரவைத்தான். வானம் தெளிவு, வெப்பம் உறைநிலைக்குக் கீழே என்றால் மறுநாளை நம்பலாம்.

ஏன் மாமத்

உயரம்தான் முதல் காரணம். மலை உச்சி 11,053 அடி. லிஃப்டுகள் கிளம்பும் முக்கிய அடிவாரக் கட்டிடமான மெயின் லாட்ஜ் இருக்கும் இடமே ஏறக்குறைய 9,000 அடி. சறுக்கும் சரிவுகளில் பெரும்பகுதி வடக்குப் பார்த்தவை, வெயில் சாய்வாகத்தான் விழும். போதாக்குறைக்கு, மேற்கே சான் வாக்கின் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்திருப்பதால் பசிபிக் புயல்கள் ஈரம் குறையாமல் உள்ளே புகுந்து இங்கே கொட்டுகின்றன. 2022-23 பருவத்தில் மெயின் லாட்ஜில் 715 அங்குலம் பனி விழுந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 6 வரை லிஃப்ட் ஓடியது. சாதாரண வருடங்களில் மே கடைசியில் வரும் மெமோரியல் டே வரை எதிர்பார்க்கலாம்.

இந்த மலையை ஸ்கீ மலையாக்கிய டேவ் மெக்காய், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குத் தண்ணீரும் மின்சாரமும் தரும் துறையில் பனி அளக்கும் வேலை பார்த்தவர். எங்கே அதிகம் விழுகிறது, எங்கே கடைசிவரை நிற்கிறது என்று அளந்து அளந்தே தெரிந்துகொண்டவர். 1953இல் உரிமம் வாங்கி, 1955இல் முதல் நாற்காலி லிஃப்டை நிறுத்தினார். 2020இல், 104 வயதில் மறைந்தார். சம்பளத்துக்குச் செய்த வேலையிலேயே இடத்தையும் பார்த்து வைத்த மனிதர்.

படி 1: வாரத்தைத் தேர்ந்தெடுப்பது

மார்ச் இரண்டாம் பாதி என்றால் பெரும்பாலும் குளிர்காலப் பனிதான், எல்லா லிஃப்டும் ஓடும். ஆனால் பள்ளி விடுமுறைக் கூட்டம் முழுக்க அங்கேதான் இருக்கும், அறை வாடகையும் எகிறும். மே மாதம் போனால் கூட்டம் கிடையாது, செலவு குறைவு. ஆனால் தாழ்வான மற்ற இரண்டு அடிவாரங்கள், ஈகிள் லாட்ஜ், கேனியன் லாட்ஜ் பக்கங்கள் அதற்குள் மூடியிருக்கும், மெயின் லாட்ஜை மட்டும் நம்பிப் போக வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அது இடைஞ்சல்.

என் ஓட்டு ஏப்ரல் நடுவிலிருந்து மூன்றாம் வாரம் வரைக்கும், அதுவும் ஈஸ்டர் முடிந்த பிறகு. ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து, திங்கள், செவ்வாய் சறுக்கி, புதன் மதியம் திரும்புங்கள். சனிக்கிழமையில் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும் 20 நிமிஷம், உங்களுடைய இரண்டு மணி நேர ஜவ்வரிசிப் பனியிலிருந்துதான் கழியும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் இது நடக்காது, தெரியும். அப்படியானால் வெள்ளி மதியம் கிளம்பி, சனியை ஒப்பேற்றி, ஞாயிறு காலையை முழுசாகப் பயன்படுத்துங்கள். ஞாயிறு 11 மணிக்கே பலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

படி 2: டிக்கெட்

நேரே போய் ஜன்னலில் வாங்குவதுதான் இருப்பதிலேயே தண்டம். உச்ச நாட்களில் ஒரு நாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டும். இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் குறையும். நாள் நெருங்க நெருங்க ஏறும். மாமத், பல ஸ்கீ மலைகளுக்குச் சேர்த்து ஒரே சீட்டாக வாங்கும் ஐகான் பாஸில் சேர்ந்த மலை. வருடத்துக்கு ஐந்தாறு நாளாவது சறுக்குவீர்கள் என்றால் பாஸ் கணக்குக்கு வரும். அடுத்த பருவத்துக்கான பாஸ் விற்பனையும் வசந்தத்தில்தான் தொடங்கும், விலை அப்போதுதான் குறைவு. ஒரே ஒரு பயணம்தான் என்றால் பாஸ் வேண்டாம். நண்பர்கள் எல்லாரும் வாங்குகிறார்களே என்று வாங்கி, இரண்டு நாள் மட்டும் போய்வந்த புண்ணியவான்கள் எங்கள் வட்டத்தில் உண்டு.

படி 3: வழி

இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் பே ஏரியாவிலிருந்து யோசெமிட்டி வழியாக நேர் கோடு போட்டாற்போல இருக்கும். அந்த டயோகா கணவாய் நவம்பர் வாக்கில் மூடினால் மே கடைசி அல்லது ஜூன் வரை, சில வருடம் அதற்கும் பின்னால்தான் திறக்கும். வடக்கே சொனோரா கணவாயும் அப்படியே. எங்கள் நண்பர் ஒருவர் ஏப்ரலில் குடும்பத்தோடு யோசெமிட்டிக்குள் போய், மூடிய கேட்டைப் பார்த்த பிறகுதான் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கதையை இப்போதும் அந்த அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்.

பே ஏரியாவிலிருந்து போக நல்ல வழி, சாக்ரமெண்டோ தாண்டி 50ஆம் நெடுஞ்சாலை, மையர்ஸில் 89ஐப் பிடித்து லூதர் கணவாய், பிறகு 88 வழியாக நெவாடாவின் மிண்டன், அங்கிருந்து யு.எஸ். 395 தெற்கே. ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மிண்டன், கார்ட்னர்வில் பக்கம் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். நெவாடாவில் விலை குறைவு, அதற்கப்புறம் 395இல் இருக்கும் சின்ன ஊர்களில் விலை கண்ணைக் கட்டும். லீ வைனிங் வருவதற்கு முன் சாலை 8,000 அடிக்கு மேல் ஏறி, சட்டென்று கீழே மோனோ ஏரி விரியும். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தாமல் போக யாராலும் முடிந்து நான் பார்த்ததில்லை.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வழி எளிது: 14ஆம் நெடுஞ்சாலை, மொஹாவி தாண்டி 395 வடக்கே. 300 மைல் சுமார், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. லோன் பைன் ஊரில் இடதுபக்கம் 14,505 அடி விட்னி சிகரம் தெரியும். அதற்குச் சற்று வடக்கே மன்சனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம். குழந்தைகளோடு ஒரு மணி நேரம் இறங்கிப் பார்க்கத் தகுந்த இடம். விமானம்தான் வேண்டும் என்றால் ஸ்கீ பருவத்தில் பிஷப் ஊருக்குச் சேவை உண்டு, அங்கிருந்து மாமத் 45 நிமிஷம்தான். எந்தத் தேதி வரை ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். ரீனோவில் இறங்கி மூன்று மணி நேரம் ஓட்டுவது இன்னொரு வழி.

வசந்தம்தானே, டயரில் மாட்டும் பனிச் சங்கிலி எதற்கு என்று நினைக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒரே ராத்திரியில் இரண்டடி கொட்டும். சாலையில் ஆர்-2 என்று பலகை வைத்தால், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்து நாலிலும் பனி டயர் இருந்தாலொழிய சங்கிலி மாட்டித்தான் ஆக வேண்டும். மாட்ட வேண்டாத வண்டியிலும் சங்கிலி கையில் இருக்க வேண்டும். வாடகைக் கார் எடுத்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல நிறுவனங்கள் சங்கிலி மாட்டவே விடுவதில்லை. சொந்தக் கார் என்றால் வீட்டு வாசலில் ஒரு முறை மாட்டிப் பழகிவிடுங்கள். இருட்டில், கொட்டும் பனியில், மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் செய்முறைத் தாளைப் படிப்பது மாதிரி ஒரு கொடுமை கிடையாது. கிளம்பும் முன் கலிஃபோர்னியா சாலைத் துறையான கால்டிரான்ஸின் குவிக்மேப் என்ற இணைய வரைபடத்தில் சாலை நிலவரத்தைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 4: தங்குவதும் சமைப்பதும்

சமையலறை உள்ள காண்டோ, அதாவது வாடகை அடுக்குமாடி வீடு, எடுங்கள். நகருக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது, ஆகவே மலையடிவாரத்திலேயே தங்கி இரட்டை வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஊருக்குள் தி வில்லேஜ் என்ற பகுதியில் தங்கினால் கொண்டோலாவிலேயே (கம்பியில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி) கேனியன் லாட்ஜுக்குப் போய்விடலாம். ஆனால் அது எந்தத் தேதி வரை ஓடும் என்று பார்த்து எடுங்கள்.

ஊரே 7,900 அடி உயரத்தில் இருக்கிறது, நம்ம ஊட்டியைவிட மேலே. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பருப்பு வேகவே வேகாது. திறந்த பாத்திரத்தில் வைத்த சாதம் நடுவில் விறைத்து நிற்கும். குக்கரை எடுத்துப் போங்கள். வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே ஒன்றிரண்டு கூட விடுங்கள்.

மலைமேல் சாப்பாட்டுக்குப் புளியோதரைதான் ராஜா. தயிர்சாதமும் சரி. லாட்ஜில் சொந்தச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கே விற்கும் பர்கர் விலையைப் பார்த்த வெள்ளைக்காரர்களே சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கணக்கு ஒன்றுதான்: பெரிய சாப்பாடு பகல் 1:30க்குப் பிறகு, சறுக்கி முடித்துவிட்டு. நல்ல பனி நேரத்தில் சோறு தின்று உட்காரக் கூடாது.

போன முதல் நாள் மாலை நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், சீக்கிரம் படுங்கள். உயரத் தலைவலி வந்தால் மறுநாள் காலை போச்சு.

படி 5: பூட்ஸ்

ஸ்கீ எது கிடைத்தாலும் ஒப்பேற்றலாம். பூட்ஸ் சரியில்லை என்றால் அவ்வளவுதான். முதல் நாள் மாலையே ஊருக்குள் இருக்கும் கடையில் வாடகைக்கு எடுங்கள். பல கடைகளில் பிற்பகலுக்கு மேல் எடுத்தால் அன்றைய நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், காலை வரிசையும் மிச்சம்.

போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் முனை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடித்தால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. முதல் முறை போடுகிறவர்கள் எல்லாரும் இது சின்னதாக இருக்கிறது என்று சொல்லி ஒரு அளவு பெரிதாகக் கேட்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. பெரிய பூட்ஸில் கால் ஆடும், பிடிமானத்துக்காகக் கொக்கியை இறுக்குவீர்கள், ரத்த ஓட்டம் நின்று கால் மரத்துப்போகும். சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, மெல்லியது, முழங்கால் வரை. குளிருக்கு இரண்டு போடு என்று அம்மா சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைக்காரர் எடை, உயரம், வயது, சறுக்கும் திறமை எல்லாம் கேட்பார். விழும்போது ஸ்கீ எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை இதை வைத்துத்தான் திருகி அமைப்பார். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் கழலக் கூடாத இடத்தில் கழலும். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய இடத்தில் கழலாது. இரண்டில் பின்னது மோசம்.

வசந்தத்துக்கென்று ஒரு சங்கதி: மதியப் பனியில் தண்ணீர் அதிகம், ஸ்கீ அடிப்பாகத்தைப் பிடித்து இழுக்கும். வெதுவெதுப்பான நாளுக்கான மெழுகு பூசித் தரச் சொல்லுங்கள்.

படி 6: உடையும் வெயிலும்

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உறைந்தால் பலகை. பருத்தி பனியனும் அப்படித்தான். தண்ணீர் புகாத பேண்ட், மேலே மெல்லிய உள்ளாடை, ஒரு நடு அடுக்கு, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். காலை ஏழரைக்கு நடுங்குவீர்கள், 12 மணிக்கு வியர்க்கும். கழற்றி வைக்கச் சின்னப் பை இருக்கட்டும். கையுறை இரண்டு ஜோடி.

நம்ம நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்ட மாமா ஒருவர், மறுநாள் மூக்கு உரிந்து, உதடு வெடித்து, ரசம்கூடக் குடிக்க முடியாமல் இருந்தார். உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். போதாததற்குப் பனி அதில் பெரும்பகுதியைக் கீழிருந்து திருப்பி அனுப்பும். மூக்குக்கு அடியில், தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி தடவுங்கள். கண்ணாடி இல்லாமல் அரை நாள் இருந்தால் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும்.

படி 7: அந்த நாள், மணி மணியாக

7:00. எழுந்து, டிஃபனை மெதுவாகச் சாப்பிடுங்கள். இட்லி போதும். ராத்திரி உறைந்ததா என்று பார்க்க வாசலில் பனியைக் காலால் மிதித்துப் பாருங்கள். சத்தம் நறநறவென்று வந்தால் இன்றைக்கு நல்ல நாள்.

9:00. அவசரப்படாமல் கிளம்புங்கள். முதலில் இயந்திரம் வைத்துச் சீவிவிட்ட தாழ்வான, மிதமான சரிவுகளில் போங்கள். ஈகிள், கேனியன் பக்கம் திறந்திருந்தால் அங்கே தொடங்கலாம். கிழக்கு வெயில் முதலில் படும் சரிவுதான் முதலில் இளகும். இது நிழலிலேயே இருக்கும் செங்குத்துக்குப் போகும் நேரமில்லை. என் வயிறு சாட்சி.

10:00 முதல். சூரியன் போகும் பக்கமெல்லாம் நீங்களும் போங்கள். ஒரு சரிவில் இறங்கும்போது ஸ்கீ அடியில் சத்தம் கறகறவென்பதிலிருந்து சரசரவென்று மாறினால் பதம் வந்துவிட்டது. அங்கேயே நாலு சுற்று போடுங்கள். பூட்ஸ் கணுக்கால்வரை புதையத் தொடங்கினால் அந்தச் சரிவுக்கு விடை கொடுத்துவிட்டு இன்னும் மேலே, இன்னும் வடக்குப் பார்த்த சரிவுக்கு. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு உச்சியில் இருக்கும் கார்னிஸ் பௌல் போன்ற இடங்கள் நண்பகல் வாக்கில்தான் பதமாகும். நடுத்தரம் என்றால் உச்சிக்குக் கொண்டோலாவில் போய், ரோடு ரன்னர் என்ற நீண்ட பாதையில் சுற்றிச் சுற்றி இறங்கலாம்.

முதல் முறை ஸ்கீ மாட்டுகிறவர்களுக்கு வகுப்பு அவசியம். நண்பன் சொல்லிக் கொடுப்பான் என்று நம்பிப் போனால் நட்புதான் போகும். நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் சீக்கிரக் காலை வகுப்பைத் தவிர்த்து 10 மணிக்கு மேல் எடுங்கள்.

1:00. நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று தோன்றும். கால் சோர்ந்திருக்கும், பனி கூழாகியிருக்கும்; முழங்கால் தசைநார் கிழிய இதைவிடத் தோதான நேரம் இல்லை. பருவக் கடைசியில் நிர்வாகமே லிஃப்டை முன்னதாகத் திறந்து பிற்பகலில் சீக்கிரம் மூடிவிடும், நேரத்தை முந்தின நாளே பாருங்கள்.

காற்றும் கயிறும்

மாமத்தில் காற்று பொல்லாதது. அது பலமாக அடித்தால் உச்சிப் பக்கம் இருக்கும் லிஃப்டுகளை நிறுத்துவார்கள். டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. அப்படி ஒரு நாள் வந்தால் மரங்களுக்கு நடுவே இருக்கும் கீழ்ச் சரிவுகளே கதி, அல்லது பக்கத்தில் இருக்கும் ஜூன் லேக் ஊரின் ஸ்கீ மலை.

கயிறு கட்டி மூடிய இடத்துக்குள் மட்டும் போகாதீர்கள். இது வெறும் மலையல்ல, எரிமலை. பனிக்கு அடியில் சூடான வாயு கசியும் துளைகள் உண்டு. சுற்றியுள்ள பனி உள்ளே உருகி, மேலே மூடி மட்டும் நிற்கும். 2006 ஏப்ரலில் அப்படி ஒரு துளையைச் சுற்றி வேலி சரிசெய்யப் போனபோது பனி உள்வாங்கி, மலையின் ரோந்துப் பணியாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள். மலையை உள்ளங்கை மாதிரி அறிந்தவர்களுக்கே அந்தக் கதி.

சறுக்காதவர்களுக்கு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஸ்கீ இல்லாமலே கொண்டோலாவில் உச்சிவரை போகலாம். இதய நோய், மூச்சு நோய் இருந்தால் 11,000 அடி வேண்டாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு மோனோ ஏரியின் சுண்ணாம்புக் கோபுரங்கள் இருக்கின்றன, கன்விக்ட் ஏரி இருக்கிறது. ஹாட் கிரீக்கில் வெந்நீர் ஊற்று கொதிப்பதை வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். இறங்கக் கூடாது, நிஜமாகவே வெந்துவிடும்.

திரும்பும் நாள்

காண்டோவைக் காலை 9க்குள் காலி செய்து சாமானைக் காரில் ஏற்றிவிட்டு மலைக்குப் போங்கள். 11:30 வரை சறுக்கி, நிறுத்துமிடத்திலேயே உடை மாற்றி, பூட்ஸைக் கடையில் கொடுத்துவிட்டுப் பகல் 12:30க்குக் கிளம்பினால் 395இன் நீண்ட பகுதியை இருட்டுக்கு முன் தாண்டிவிடலாம். அந்தியில் மான்கள் சாலைக்கு வரும். அப்புறம், செருப்பைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். பூட்ஸைக் கொடுத்துவிட்டு, நனைந்த சாக்ஸோடு கடை வாசலில் நின்று, கார் நிறைய அடுக்கிய சாமானைப் பார்த்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.